கருமருந்துத் தோட்டா ரைஃபிள்: புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

வாரக்கடைசியில் என்ன செய்வீர்கள் என்று யாராவது கேட்டு, நான் கருமருந்து ரைஃபிள் சுடப் போவேன் என்று சொன்னால், அடுத்து வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் வரும். அமெரிக்காவில் இருக்கும் தமிழ் நண்பர்கள், அவர்கள் வீட்டுக் கல்லூரிப் பிள்ளைகள், ரேஞ்சில், அதாவது சுடும் மைதானத்தில், வெள்ளைப் புகையைப் பார்த்துவிட்டு எழுந்து வருபவர்கள் என்று பலரும் கேட்டவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம், விலை எல்லாம் அமெரிக்காவை வைத்துச் சொல்வது. இந்த விளையாட்டின் ஊர் அதுதான்.

இது நம்ம ஊர் நாட்டுத் துப்பாக்கி மாதிரிதானே?

மருந்து ஒன்றுதான்: வெடியுப்பு, கரி, கந்தகம். துப்பாக்கி வேறு. நாட்டுத் துப்பாக்கியில் குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, ரவையைப் போட்டு, கோலால் இடிப்பார்கள். இங்கே மருந்தும் ஈயக்குண்டும், அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரும் ஒரே பித்தளைக் கூட்டுக்குள் இருக்கும். அந்தத் தோட்டாவைப் பின்பக்கமாக நுழைத்து, மூடி, சுடுவோம். ஒரு நேரத்தில் ஒரு தோட்டாதான், மேகசின் கிடையாது.

இந்த வகைத் துப்பாக்கிகளின் பொற்காலம் 1870-களும் 1880-களும். அமெரிக்க ராணுவம் 1873-இல் .45-70 தோட்டாவை எடுத்துக்கொண்டது. அதே காலத்தில் சமவெளிகளில் எருமை வேட்டைக்காரர்கள் கையில் ஷார்ப்ஸ் ரைஃபிள் இருந்தது. 1884-இல் பிரான்ஸில் பால் வியே புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் ராணுவங்கள் கருமருந்தைக் கைவிட்டன.

புகையில்லா மருந்து இருக்கும்போது எதற்கு இந்தப் புகையும் அழுக்கும்?

இதில் குறி தவறாமை கடையில் கிடைக்காது என்பதால்தான். நவீன ரைஃபிளில் நல்ல தோட்டாவைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். இங்கே குண்டை வார்ப்பது, மருந்தை அடைப்பது, ஒவ்வொரு சூட்டுக்கும் இடையில் குழலைப் பக்குவமாக வைத்திருப்பது எல்லாமே உங்கள் கையில். 500 மீட்டர் தள்ளி குறியாக நிற்கும் இரும்புக் கடா சாய்ந்தால் அதில் உங்கள் மேசையில் நடந்த வேலையும் சேர்ந்திருக்கிறது.

அப்புறம் இன்னொன்றும் உண்டு. குண்டு மெதுவாகப் போகும், ஒலியின் வேகத்தைக் கொஞ்சம் தாண்டும் அளவுதான். 500 மீட்டரில் ட்ரிகரை அழுத்தினால் ‘டங்’ என்ற சத்தம் காதுக்கு வர ஏறக்குறைய 3 வினாடி ஆகும். புகை விலகி, கண் குறியைத் தேடி, அதற்கு அப்புறம்தான் சத்தம் வரும். அந்த 3 வினாடிக்காகவே திரும்பத் திரும்ப வருபவர்களை எனக்குத் தெரியும்.

எங்கே சுடுவார்கள்? என்ன மாதிரி போட்டி?

அதிகம் நடப்பது சில்லவுட் போட்டி. இரும்புத் தகட்டில் வெட்டிய நான்கு உருவங்கள்: 200 மீட்டரில் கோழி, 300-இல் பன்றி, 385-இல் வான்கோழி, 500-இல் செம்மறிக்கடா. கோழியை நின்றபடி, எந்தத் தாங்கலும் இல்லாமல் சுட வேண்டும். மற்ற மூன்றையும் உட்கார்ந்தோ படுத்தோ, குறுக்காகக் கட்டிய இரண்டு கோல்மேல் குழலை வைத்துச் சுடலாம். உருவம் பீடத்திலிருந்து கீழே விழுந்தால்தான் கணக்கு. பட்டும் விழாமல் திரும்பி நின்றால் புள்ளி இல்லை. இதன் தேசியப் போட்டி 1985-இல் நியூ மெக்ஸிகோவின் ரட்டோன் ஊருக்கு வெளியே உள்ள விட்டிங்டன் சென்டரில் தொடங்கியது.

எல்லா ரைஃபிளும் இங்கே சேராது. சுத்தியல் வெளியே தெரியும் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க ஒற்றைத் தோட்டா வடிவம் வேண்டும், எடை 12 பவுண்டு 2 அவுன்ஸுக்குள் இருக்க வேண்டும், குண்டு ஈயமாக இருக்க வேண்டும். இது தவிர மொன்டானாவின் ஃபோர்சைத் ஊரில் ஜூன் மாதம் நடக்கும் குவிக்லி போட்டி பெரிய திருவிழா. அங்கே 350 கெஜத்திலிருந்து 800 கெஜத்துக்குச் சற்று மேல் வரை இரும்புக் குறிகள் நிற்கும். 1,000 கெஜம் வரை காகிதக் குறியில் சுடும் போட்டிகளும் உண்டு. முதலில் சில்லவுட்டுக்கு வாருங்கள் என்பதுதான் என் கருத்து. பட்டதா இல்லையா என்று அங்கே உடனே தெரிந்துவிடும்.

நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். சுடலாமா?

அவசரப்பட்டுத் துப்பாக்கியைக் கையில் எடுக்காதீர்கள். குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம். ரேஞ்சில் நண்பருடையதை வாங்கிச் சுடுவதும் இதில் சிக்கும். விதிவிலக்குகள் சில உண்டு; அதில் நடைமுறையில் பலர் பயன்படுத்துவது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். அதோடு மாநிலச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு வாருங்கள், விசா விஷயத்தில் விளையாட வேண்டாம். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை.

சுடாமல் வந்து பார்க்க யாருக்கும் தடை இல்லை. தொலைநோக்கியில் கண் வைத்துக் குண்டு எங்கே விழுந்தது என்று சொல்லப் பழகலாம். அதன் அருமை காற்றைப் பற்றிய கேள்வியில் தெரியும்.

ஊருக்குத் திரும்பினால் இந்தியாவில் தொடர முடியுமா?

கடினம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும். கருமருந்து வெடிபொருள் சட்டத்துக்குள் வரும். வீட்டில் உட்கார்ந்து தோட்டா அடைக்கும் பழக்கத்துக்கு அங்கே இடம் இருப்பதாக நினைத்துக்கொண்டு துப்பாக்கியை வாங்காதீர்கள்.

முதல் துப்பாக்கி எதை வாங்கலாம்? எவ்வளவு ஆகும்?

மூன்று வடிவங்கள்தான் பேச்சில் அடிபடும். 1874 மாடல் ஷார்ப்ஸ், ரெமிங்டன் ரோலிங் பிளாக், ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1885 ஹை வால். மூன்றிலும் போட்டி ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். இத்தாலியின் பெடர்சோலி செய்யும் நகல்கள் ஏறத்தாழ 1,500 டாலரிலிருந்து தொடங்கும், குறிபார்க்கும் சைட் நல்லதாகச் சேர்த்தால் இன்னும் ஏறும். மொன்டானாவின் பிக் டிம்பர் என்ற சின்ன ஊரில் ஷைலோ ஷார்ப்ஸ், சி. ஷார்ப்ஸ் ஆர்ம்ஸ் என்று இரண்டு நிறுவனங்கள் இருக்கின்றன. அவர்கள் செய்வது இன்னும் விலை, மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும்.

ஆனால் நான் எல்லோரிடமும் சொல்வது: முதலில் எதையும் வாங்காதீர்கள். சட்டப்படி உங்களுக்குத் தடை இல்லையென்றால் பக்கத்தில் நடக்கும் போட்டிக்குப் போய், “புதுசா வந்திருக்கேன், ஒரு தடவை சுட்டுப் பார்க்கலாமா?” என்று கேளுங்கள். இந்தக் கூட்டத்தில் இல்லை என்று சொல்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. தோட்டாவும் அவர்களே கொடுப்பார்கள். மூன்று வடிவத்தையும் தோளில் வைத்துப் பார்த்த பிறகு, எது உங்கள் கன்னத்துக்குச் சரியாக உட்கார்கிறது என்று உங்களுக்கே தெரியும். துப்பாக்கிக்கு ஆகும் செலவில் பாதிக்குக் குறையாமல் வார்க்கும் அடுப்பு, அச்சு, தோட்டா அடைக்கும் கருவி, தராசு என்று வேறு போகும். அதையும் கணக்கில் வையுங்கள்.

அசலான பழைய துப்பாக்கியையே வாங்கிச் சுட்டால் என்ன?

1898 அல்லது அதற்கு முன் செய்த துப்பாக்கி கூட்டாட்சிச் சட்டத்தில் பழம்பொருள், கடைக்காரர் வழியாகப் பின்புலச் சோதனை இல்லாமலே வாங்கலாம். ஆனால் இன்று புதிதாகச் செய்த .45-70 நகலுக்கு அந்தச் சலுகை கிடையாது, அது சாதாரண ரைஃபிள் மாதிரிதான். இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

பழசைச் சுடுவதற்கு முன் பழைய துப்பாக்கிகள் தெரிந்த துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துப் பாருங்கள். குழலுக்குள் அரிப்பு, தேய்ந்த பூட்டு, யாரோ மாற்றிய தோட்டா அறை எல்லாம் இருக்கலாம். கற்றுக்கொள்ள நகல்தான் நல்லது.

.45-70 என்கிறார்களே, அந்த எண்கள் என்ன? பெரிய தோட்டா என்றால் இன்னும் நல்லதுதானே?

முதல் எண் குண்டின் குறுக்களவு, அங்குலத்தில் 0.45 சொச்சம். இரண்டாவது எண் கருமருந்தின் எடை, 70 கிரெய்ன், ஏறக்குறைய நாலரை கிராம். ராணுவம் மூன்றாவதாகக் குண்டின் எடையையும் சேர்த்து .45-70-405 என்று எழுதியது. 405 கிரெய்ன் என்றால் 26 கிராம். பின்னால் அதை 500-க்கு ஏற்றினார்கள். இன்று போட்டியில் 500-லிருந்து 550 கிரெய்ன் குண்டுதான் சகஜம்.

.45-90, .45-110, .50-90 எல்லாம் இருக்கின்றன. மருந்து கூடக் கூட உதையும் கூடும், குழலில் கரியும் கூடும். 500 மீட்டர் வரைக்கும் .45-70 தாராளம். பித்தளைக் கூடு, அச்சு, பிறர் செய்து பார்த்த அனுபவம் என்று எல்லாமே அதற்குத்தான் எளிதாகக் கிடைக்கும். தோள் மெலிந்தவர்களுக்கு .40-65 நல்ல மாற்று. பெரியது வேண்டும் என்ற ஆசை ஒரு சீசன் சுட்டால் தானாகவே அடங்கிவிடும்.

கடையில் விற்கும் .45-70 தோட்டாவை வாங்கிச் சுடக் கூடாதா?

அது புகையில்லா மருந்துத் தோட்டா. நவீன லீவர் ரைஃபிள்களுக்காகச் செய்த, அழுத்தம் கூடிய தோட்டாக்களும் அதே பெயரில் அலமாரியில் நிற்கும். பழைய துப்பாக்கியில் அதைப் போட்டால் ஆபத்து. உங்கள் ரைஃபிள் நவீன நகலாக இருந்தாலும் தயாரிப்பாளர் கையேடு எந்த அழுத்தத்துக்கு அனுமதிக்கிறது என்று பார்க்காமல் எதையும் நுழைக்காதீர்கள். கருமருந்துப் போட்டியில் அந்தத் தோட்டாவுக்கு இடமும் இல்லை. நீங்களே அடைப்பதுதான் வழி.

மருந்து எங்கே கிடைக்கும்? வீட்டில் வைக்கலாமா?

எல்லாத் துப்பாக்கிக் கடையிலும் கிடைக்காது. பெரும்பாலும் மொத்தமாக வரவழைப்பார்கள், அபாயப் பொருள் என்பதால் அனுப்புவதற்குத் தனிக் கட்டணம் உண்டு. அதனால் கிளப்பில் நாலு பேர் சேர்ந்து வாங்குவது வழக்கம். ஸ்விஸ் மருந்துக்குப் பெயர் அதிகம், விலையும் அதிகம். அமெரிக்காவின் பழைய பெயரான கோயெக்ஸ் 2021-இல் மூடும் நிலைக்குப் போய், பிறகு ராக்கெட் பொம்மை செய்யும் எஸ்டஸ் நிறுவனத்தின் கைக்கு வந்தது. மணியின் பருமனை எஃப் எழுத்தால் குறிப்பார்கள். ஒரு எஃப் பெருமணி, மூன்று எஃப் பொடிமணி. .45-70-க்கு ஒன்றரை எஃப் அல்லது இரண்டு எஃப்.

வீட்டில் எவ்வளவு வைக்கலாம் என்பது உங்கள் ஊர் தீயணைப்பு விதியைப் பொறுத்தது, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாங்கிய டப்பாவிலேயே வையுங்கள். கனமான இரும்புப் பெட்டிக்குள் பூட்டாதீர்கள்; தீப்பிடித்தால் அடைபட்ட மருந்து வெடிகுண்டாகும். மெல்லிய மர அலமாரி நல்லது. புகையில்லா மருந்து மெல்ல எரியும், கருமருந்து ஒரு பொறி பட்டாலே போதும். அதனால் அடைக்கும் மேசையில் சிகரெட், விளக்கு, ஊதுபத்தி எதுவும் கூடாது.

தோட்டா அடைப்பதில் புதியவர்கள் தவறவிடக் கூடாதது எது?

கூட்டுக்குள் காற்றிடைவெளி. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் வெற்றிடம் இருக்கவே கூடாது, அப்படி இருந்தால் குழல் உப்பலாம். மருந்தை எடை போட்டு, இரண்டடிக்கும் மேல் நீளமுள்ள மெல்லிய குழாய் வழியாக மெதுவாகக் கூட்டுக்குள் விடுவோம். உயரத்திலிருந்து விழும் மணிகள் நெருங்கி உட்காரும். அதன்மேல் ஒரு அட்டை அல்லது பிளாஸ்டிக் வில்லை. பிறகு இதற்கென்றே உள்ள டை என்ற அச்சுக் கருவியில் வைத்து, குண்டு உட்காரும் ஆழம் வரை மருந்தை அமுக்குவோம். கடைசியாகக் குண்டைக் கையால் நுழைத்தாலே போதும். குண்டால் மருந்தை அமுக்கப் பார்த்தால் மெல்லிய ஈயம் நசுங்கிவிடும்.

பழைய கூடுகளைவிட இன்றைய கூடுகளின் சுவர் தடிப்பு. அதனால் 70 கிரெய்ன் நுழைப்பதே சிரமம், பலரும் 60-க்கும் 70-க்கும் நடுவில் நிற்பார்கள். எவ்வளவு அமுக்குவது என்பது மருந்துக்கு மருந்து மாறும். ஸ்விஸ் கொஞ்சம் அமுக்கினாலே போதும். ஒரு அளவைப் பிடித்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். குண்டையும் மருந்தையும் வில்லையையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

கொஞ்சம் புகையில்லா மருந்தைக் கலந்தால் கரி குறையுமாமே?

வேண்டாம். போட்டி விதியிலும் அதற்கு இடமில்லை. கருமருந்து அளக்கும் அளவையில் புகையில்லா மருந்தை நிரப்பிச் சுட்டால் துப்பாக்கி சிதறும், கையும் கண்ணும் போகும். இந்த இரண்டு டப்பாவும் ஒரே மேசையில் ஒரே நேரத்தில் இருக்கவே கூடாது.

குண்டையும் நானேதான் வார்க்க வேண்டுமா? ஈயம் விஷமாச்சே?

வார்த்த குண்டை விலைக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், முதல் சில மாதம் அப்படியே ஓட்டலாம். ஆனால் சீக்கிரமே நீங்களே வார்க்க ஆரம்பிப்பீர்கள். இருபது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் என்பது எல்லோரும் தொடங்கும் கலவை. அச்சு ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஆறியிருந்தால் குண்டில் சுருக்கம் விழும், அளவுக்கு மீறிக் காய்ந்தால் உறைபனி படிந்ததுபோல் மங்கலாக வரும். ஒரே தாளத்தில் ஊற்றி, அச்சின் வாயில் மிஞ்சிய ஈயத்தை வெட்டி, குண்டைத் தட்டி எடுத்துக்கொண்டே போனால் கடைசியில் எடை போடும்போது குண்டுகள் ஒன்றுக்கொன்று ஒரு கிரெய்னுக்குள் நிற்கும்.

விஷம் என்பது உண்மை. காற்றோட்டமுள்ள இடத்தில், சமையலறைக்கு வெளியே, சமையலுக்குத் திரும்பாத பாத்திரத்தில் செய்யுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். வேலை முடியும்வரை எதையும் தின்னாதீர்கள், முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி உடுப்பையும் மாற்றுங்கள். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர், ஏன் நெற்றி வியர்வை விழுந்தால்கூட ஆவியாகிக் கொப்பளித்து முகத்தில் தெறிக்கும். கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். வருடம் ஒரு முறை ரத்தத்தில் ஈய அளவைச் சோதிக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

முதல் நாலைந்து குண்டு அழகாகப் போகிறது, அப்புறம் கண்ட இடத்தில் விழுகிறது. துப்பாக்கியில் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் திடமான கசடாக நிற்கும். குழலில் அது காய்ந்து இறுகினால் அடுத்த குண்டை உரசிக் கெடுக்கும், ஈயமும் ஒட்டத் தொடங்கும். கசடை ஈரமாகவும் மெத்தென்றும் வைத்திருப்பதுதான் இந்த விளையாட்டின் பாதி வித்தை.

இரண்டு வழி உண்டு. ஒன்று, சுட்டதும் பின்பக்கத்தைத் திறந்து, வெறும் தோட்டாக் கூட்டில் செருகிய ரப்பர் குழாயை அறைக்குள் வைத்து, நீளமாக மூச்சை ஊதுவது. மூச்சின் ஈரம் கசடை இளக்கும். ஈரப்பதமான ஊரில் மூன்று மூச்சு போதும், அரிசோனா வெயிலில் ஏழெட்டு கூட வேண்டியிருக்கும். இன்னொன்று, ஒவ்வொரு சூட்டுக்கும் நடுவில் ஈரத்துணி விட்டுத் துடைப்பது. எதைச் செய்தாலும் எண்ணிக்கை மாறாமல் செய்யுங்கள். குண்டின் பள்ளங்களில் தேன்மெழுகு கலந்த மசகு நிறைந்திருக்க வேண்டும். நல்ல மசகு என்றால் குழல் முனையில் நட்சத்திரம் மாதிரி பிசுபிசுப்பான வளையம் தெரியும். அது காய்ந்து கறுத்திருந்தால் கூடுதலாக ஊதுங்கள்.

உதை தாங்குமா?

தாங்கும். 12 பவுண்டு எடையே பாதி உதையை விழுங்கிவிடும். நவீன ரைஃபிள்போலச் சுளீரென்று அடிக்காது, தோளைப் பிடித்துத் தள்ளும். பிறைவடிவ அடிக்கட்டை உள்ள பழைய மாடலைப் படுத்துச் சுட்டால் வலிக்கும். தட்டையான அடிக்கட்டை பார்த்து வாங்குங்கள். காது மூடியும் கண்ணாடியும் எப்போதும் வேண்டும்.

தொலைநோக்கி இல்லாமல் 500 மீட்டரில் எப்படிக் குறி வைப்பது?

கைப்பிடிக்குப் பின்னால் நிற்கும் வெர்னியர் சைட்டில் சின்னத் துளை, முன்னால் கூண்டுக்குள் வளையம், அதற்கடியில் ஒரு ரசமட்டக் குமிழ். துளை வழியே வளையத்தைப் பார்த்து அதில் உருவத்தை உட்கார வைக்க வேண்டும். குண்டு மெதுவாகப் போவதால் 500 மீட்டரில் 10 மீட்டருக்கு மேல் கீழிறங்கும். அதற்காக 200-லிருந்து 500-க்குப் போக சைட்டை ஏறக்குறைய ஒரு டிகிரி ஏற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு தூரத்துக்குமான எண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், அன்றைய வெப்பத்தையும் கூடவே எழுதுங்கள்.

குமிழைப் பார்க்கத் தவறினால்? துப்பாக்கி லேசாகச் சாய்ந்தாலே 500 மீட்டரில் குண்டு பக்கவாட்டில் விலகிவிடும். நிறைய பேர் காற்றைத் திட்டுவது உண்மையில் சாய்ந்த துப்பாக்கிக்காகத்தான்.

சரி, காற்று உண்மையிலேயே அடித்தால்?

மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று 500 மீட்டரில் இந்தக் குண்டை ஒரு மீட்டருக்கு மேல் தள்ளும். கடாவின் நீளமே அதைவிடக் குறைவு. ஆகவே நல்ல ஸ்பாட்டர் இல்லாமல் கடா விழாது. துப்பாக்கிக்குப் பின்னால் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருப்பவர் கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது, புல் எப்படிச் சாய்கிறது என்று பார்த்து, “ரெண்டு நிமிஷம் வலது” என்பார். இங்கே நிமிஷம் என்றால் கோண அளவு, டிகிரியில் அறுபதில் ஒன்று. சுடுபவர் சைட்டைத் திருகி உடனே சுட வேண்டும், யோசித்தால் காற்று மாறிவிடும்.

விசா காரணமாகச் சுட முடியாதவர்களை ஸ்பாட்டிங் பழகச் சொன்னது இதற்குத்தான். காற்றைப் படிக்கத் தெரிந்தவரை எந்த அணியும் விடாது.

வீட்டுக்கு வந்து ஆற அமரக் கழுவினால் போதாதா?

அன்றைக்கே கழுவ வேண்டும். கசடு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து இரும்பைத் துருவாக்கும். தண்ணீர்தான் இதற்கு மருந்து, பெட்ரோலிய கரைப்பான் அல்ல. ஈரத்துணி வெளுப்பாக வரும்வரை துடைத்து, காயவிட்டு, எண்ணெய் பூசுங்கள். மறுநாள் ஒரு துணி விட்டுப் பாருங்கள், பழுப்பாக வந்தால் மறுபடி ஒரு தடவை. சுட்ட பித்தளைக் கூடுகளை ரேஞ்சிலேயே சோப்புத் தண்ணீர் டப்பாவில் போட்டுவிட்டால் வீட்டில் வேலை பாதி குறையும்.

பதற்றத்தில் பக்கத்து ஆளின் குறியைச் சுட்டுவிட்டால்?

தவறிய சூடாகத்தான் கணக்கு. சில்லவுட்டில் ஒரே தூரத்தில் வரிசையாக நிற்கும் உங்கள் ஐந்து உருவங்களையும் இடமிருந்து வலமாக வரிசைப்படியே சுட வேண்டும், வரிசை மாறி விழுந்தாலும் புள்ளி இல்லை. அதனால் ஒவ்வொரு சூட்டுக்கும் முன் ஸ்பாட்டரிடம் எத்தனையாவது உருவம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இது பெரிய ஆட்களுக்கும் நடந்திருக்கிறது. 1874 செப்டம்பர் 26 அன்று நியூயார்க்கின் லாங் ஐலண்டில் கிரீட்மோர் மைதானத்தில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1,000 கெஜங்களில் மோதின. ஐரிஷ்காரர்கள் கையில் வாய்வழி நிரப்பும் ரிக்பி, அமெரிக்கர்கள் கையில் பின்வழி நிரப்பும் ரெமிங்டனும் ஷார்ப்ஸும். ஐரிஷ் அணியின் மில்னர் 900 கெஜத்தில் நடுவட்டத்தில் அடித்தார், ஆனால் வேறொரு குறியின் நடுவட்டத்தில். நான்கு புள்ளி பூஜ்யமானது. கடைசிச் சூட்டுக்கு அமெரிக்காவின் ஜான் போடைன் படுத்தபோது அவர் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. ஜிஞ்சர் பீர் பாட்டில் உடைந்து கை ரத்தம் ஒழுக, கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு சுட்டு, நடுவட்டத்தில் அடித்தார். முடிவு 934-க்கு 931. மில்னரின் அந்த நான்கு சேர்ந்திருந்தால் அயர்லாந்து 935.